சாயக்கிணற்றுத் தண்ணீர்

அத்தியாயம் பதினேழு

மாடியில் நாலு சூரியத் தகடு, படிக்குக் கீழே ஒரு பேட்டரி, நடு அறையில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின். ஐந்து மாதமாக ரேணுகாம்பாளின் மூச்சு இந்த மூன்றையும் நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. "வேலூர் ஆஸ்பத்திரியிலேயே வெச்சிருக்கலாம்" என்று மகள் பானுப்ரியாவும், "வூட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிக் காட்டறேன்" என்று மகன் தனசேகரனும் தெருவே கேட்கச் சண்டை போட்டதையும், பானு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரணமல்லூர் பஸ் ஏறியதையும் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு மூன்று நாளாக மழை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

ஆரணியில் கரண்ட் போவதை விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெருவில் உள்ள விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடும். அதுவரை அமுங்கிக் கிடந்த கைத்தறிச் சத்தம் மட்டும் தனியாக மேலே வரும்.

படிக்குக் கீழே இன்வெர்ட்டர் 'டிக்' என்றது. நடு அறை மெஷின் ஒரு கணம் திக்கி, மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது.

"போயிடுச்சா?" என்றாள் ரேணுகாம்பாள். அவளால் படுக்க முடியாது. மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கமும் விழிப்பும்.

"போயிடுச்சு அத்தை. பன்னெண்டுக்கு வந்துடும்" என்றாள் மருமகள் தீபா.

"உன் புருஷன் ஊருக்கெல்லாம் வெளக்கு போட்டுகினு கீறான். அவன் வூட்ல பொண்டாட்டி கடியாரத்தப் பார்த்துகினு ஒக்காந்திருக்கா."

தீபா சிரித்தாள். ஆனால் அவள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரி வந்த புதிதில் மெஷின் நாலு மணி நேரம் ஓடும். இரண்டு வாரத்துக்கு முன் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. தனசேகரனிடம் சொன்னாள். "மழைடி. தகட்டுல வெயில் படல, சார்ஜ் ஏறல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வருஷம் மின்வெட்டு அப்படி. ஆரணியில் பட்டுக்கு அடுத்தபடி அதிகம் விலைபோனது பேட்டரிதான். ஊரில் எல்லார் வீட்டுப் பேட்டரி மூடியையும் திறந்து பார்த்தவனுக்குத் தன் வீட்டு மூடியைத் திறக்க நேரமில்லை.

அவசரத்துக்கு என்று வைத்திருந்த சின்ன சிலிண்டர் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டது. நிரப்புவதற்கு வேலூருக்குப் போயிருந்தது. சாயந்தரம் வேனில் வரும்.

மாணிக்கவேல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மழை பெய்தாலும் காலையில் நாலு தகட்டையும் துடைத்துவிட்டுத்தான் காபி. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூங்கிலில் காயப்போடும் சாயநூலின் நிழல் தகட்டில் விழுந்தால் சண்டைக்கே போவார். முப்பத்தைந்து வருஷம் பட்டுக்குச் சாயம் போட்டவர். கொதிக்கிற கொப்பரை முன்னால் அவர் நின்ற வருஷமெல்லாம் ரேணுகாம்பாளும் கூட நின்றாள், நூலைப் புரட்டிப் புரட்டி முக்கி எடுத்தபடி. ஆசிட் புகை இருவருக்கும் பொதுவாகத்தான் வந்தது. அவளுடைய நுரையீரல் முதலில் கெட்டது.

பேட்டரி வந்த அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தவர் அவர்தான். அதில் ஊற்ற மகன் வாங்கி வந்த டிஸ்டில்டு வாட்டரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"செத்த தண்ணிடா இது. உசுரே இல்ல. இதுல நூலை நனைச்சா சாயம் புடிக்காது."

"பேட்டரிக்கு சாயமா போடப் போற நைனா?" என்றான் தனசேகரன். வீடே சிரித்தது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தே அரக்கு எப்படி வரும், மாம்பழ மஞ்சள் எப்படி வரும் என்று சொல்லக்கூடிய நாக்கு அது. அதற்கு ஊரில் மரியாதை இருந்தது.

ஒன்பது முப்பத்தைந்துக்கு இன்வெர்ட்டர் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

*

தனசேகரன் களம்பூரில், அரிசி வியாபாரி அனந்தராஜ் வீட்டு மொட்டைமாடியில் நனைந்துகொண்டு நின்றான். எட்டுத் தகடு மாட்ட வேண்டும். மழையில் மாட்ட முடியாது, அளவு மட்டும் எடுக்க வந்தான். அனந்தராஜ் குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

"வெயிலுக்கு மீட்டர் கிடையாது பாருப்பா. எனக்குப் புடிச்சது அதுதான்."

"மழையில அது வேலை செய்யாதுங்க. அதையும் சொல்லிடறேன்."

"வியாபாரி மாதிரி பேசு. உண்மையெல்லாம் வித்தப்புறம் சொல்லலாம்."

செல்போன் அடித்தது. தீபா.

"ஏங்க, பேட்டரி கத்துது."

"ஃபேன் லைட் எல்லாத்தையும் நிறுத்து. மெஷின் மட்டும் ஓடட்டும்."

"கரண்ட் போனதுமே நிறுத்திட்டேங்க."

"லோகநாதன் வூட்லருந்து ஒயர் இழு. அவனுதும் நான் போட்ட பேட்டரிதான். ஜல்தி போ."

போனை வைக்காமலே ஓடினாள். செருப்புச் சத்தமும் மழைச் சத்தமும் அவன் காதில் கேட்டன. பக்கத்து வீட்டு லோகநாதனின் குரல் தூரத்தில் கேட்டது. "எங்களுது அரை மணிலயே நின்னுடுச்சும்மா. நானே சேகருக்கு போன் பண்ணணும்னு இருந்தேன்."

பிறகு தீபாவின் குரல் மாறியது. "மெஷின் நின்னுடுச்சுங்க. சத்தம் வரல."

"ஆட்டோ கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போ. நான் அங்க வந்துடறேன்."

அளவு நாடாவை மாடியிலேயே போட்டுவிட்டு இறங்கினான். படியில் அவன் வழுக்கியபோது அனந்தராஜ் கையைப் பிடித்து நிறுத்தினார்.

*

ஆட்டோ வருவதற்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. அதுவரை தீபா விசிறிக்கொண்டே இருந்தாள். விசிறியில் வருகிற காற்று போதாது என்று இருவருக்கும் தெரியும். ரேணுகாம்பாளின் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி ஆனது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

மாணிக்கவேல் படிக்குக் கீழே குந்தி, பேட்டரியைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்துவிட்ட மாட்டை எழுப்புகிறவர் மாதிரி.

"மாமா, வாங்க. தூக்கணும்."

அவரும் லோகநாதனும் தூக்கினார்கள். உடம்பில் கனமே இல்லை. மூக்கில் மாட்டிய குழாயைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதன் மறுமுனையை மட்டும் மெஷினிலிருந்து பிடுங்கினார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. ஆட்டோ அதில் ஊர்ந்தது. ரேணுகாம்பாள் கண்ணைத் திறந்து தீபாவைப் பார்த்தாள்.

"கரண்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அத்தை."

ரேணுகாம்பாள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு தோள் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் ஆட்டோவுக்குள் குனிந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். டாக்டரும் வந்து பார்த்தார். இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தனசேகரன் வந்தபோது ஆட்டோ வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது. உள்ளே மாணிக்கவேலின் மடியில் அம்மாவின் தலை. மூக்கிலிருந்து குழாய் இறங்கி ஆட்டோவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி சேற்றில் பட்டது. அவன் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த நுனியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

*

எங்கோ மரம் ஒயர் மேல் விழுந்திருந்தது. பன்னிரண்டுக்கு வர வேண்டிய கரண்ட் ஒன்றேகாலுக்கு வந்தது.

அப்போது நடு அறையில் உடம்பைக் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விசைத்தறிகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. யாரோ போய், துக்க வீடு, நிறுத்துங்கள் என்று சொல்ல, ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. அறை மூலையில் அந்த மெஷின். அதை நிறுத்தாமலேதான் போயிருந்தார்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் குப்பியில் தண்ணீர் குமிழ் விட்டது. புஸ், புஸ் என்று ஒழுங்காக மூச்சு வந்துகொண்டே இருந்தது.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். மாணிக்கவேல் எழுந்துபோய் குழாய் மாட்டும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"காத்து நல்லாதான் வருது" என்றார்.

தீபா ஸ்விட்சை நிறுத்தினாள்.

பானுப்ரியா இரண்டு மணிக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்ததில் புடவை முழங்கால் வரை சேறு. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணன் எங்க?"

தனசேகரன் படிக்குக் கீழே பேட்டரி முன்னால் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அவனைக் குடைந்தது ஒரே கேள்வி. ஐந்து மாதப் பேட்டரி. மழை என்றாலும் இரவெல்லாம் லைனில் சார்ஜ் ஏறியிருக்கிறது. முப்பத்தைந்து நிமிஷத்தில் எப்படி நிற்கும்?

மூடியைத் திருகித் திறந்தான். அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சினான். உள்ளே மிதவை எழவே இல்லை, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பேட்டரி ஆசிட்டின் வீரியம் செத்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கஷாயம் மாதிரி பழுப்புச் சிவப்பாக இருந்தது. அடுத்த மூடி. அதற்கடுத்தது. ஆறும் அப்படித்தான். கழுத்துவரை நிரம்பியிருந்தன.

பேட்டரிக்குப் பின்னால் வெள்ளைக் கேன் இருந்தது. அதன் வாயில் நாலாக மடித்த பட்டுத் துணி ஒன்று செருகியிருந்தது. ஈரம் காயவில்லை. அந்தத் துணியை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முகூர்த்தப் புடவைக்கு நூல் நனைப்பதென்றால் நைனா தண்ணீரை மூன்று தடவை அதில் வடிகட்டுவார்.

தீபா வந்து பின்னால் நின்றாள்.

"இதுக்கு யார் தண்ணி ஊத்தறது?"

"மாமாதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கே குளிச்சிட்டு கேனை எடுத்துகினு போவாரு. கடையில வாங்கியாராருன்னு நெனச்சுகினேன்."

காலை ஆறு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. ஆனால் ஆற்றோரச் சாயக்கிணறு திறந்தேதான் கிடக்கும். அந்தத் தண்ணீரில் போட்ட அரக்கு இருபது வருஷம் வெளுக்காது என்று பேர். அந்தப் பேர் வாங்கிய காலம் வேறு. அதற்குப் பிறகு பட்டறைகள் கழுவிக் கொட்டிய ஆசிட்டும் உப்பும் சாயக்கழிவும் மண்ணுக்குள் இறங்கி அதே கிணற்றில்தான் ஊறின. மாணிக்கவேல் பட்டறையை விட்டு ஒன்பது வருஷம். அதற்கப்புறம் அந்தத் தண்ணீரை அவர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை; அவருடைய நாக்கில் பழைய தண்ணீரே இருந்தது. செத்த தண்ணீரை ரேணுகாம்பாளுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

தனசேகரன் துணியைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லல. ஆனா..."

"இன்னா பார்த்துகினு கீற?" பானு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மாணிக்கவேல். அவருக்குப் பின்னால் பாதித் தெரு. "ஆஸ்பத்திரி கட்டிக் காட்டறேன்னியே ண்ணா. எதனால நின்னுச்சு, சொல்லு. எனக்குத் தெரியணும்."

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே தெரிந்த கிழவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகமும் அதே பதிலுக்குத்தான் காத்திருந்தது.

"பழைய பேட்டரி பானு. ஒரு கஸ்டமர் வூட்லருந்து கழட்டினது. நான்தான் போட்டேன்."

"பெத்தவளுக்குப் போயி பழசப் போட்டியா?" பானுவின் குரல் உயரவே இல்லை. "ஊர்ல எவனெவன் வூட்டுக்கோ புதுசு. எங்கம்மாவுக்குப் பழசு."

"பானு" என்றாள் தீபா.

"நீ பேசாத அண்ணி. நீ பார்த்துகினுதான இருந்த."

துரை கூட்டத்தில் நின்றிருந்தார். வருகிற திங்கட்கிழமை தன் வீட்டில் தகடு மாட்டச் சொல்லியிருந்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். தனசேகரன் அதைப் பார்த்தான். இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

*

சாயந்தரம் மழை விட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஏற்றிய விளக்கைப் பார்த்துவிட்டு, மொட்டை போட்ட தலையுடன் தனசேகரன் பின்கட்டில் உட்கார்ந்தான். வேலூரிலிருந்து வந்த சிலிண்டர் வாசலில் நின்றது. நிரம்பியது. உள்ளே எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை.

மாணிக்கவேல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மகனின் தலையையே பார்த்தார்.

"ஏண்டா பொய் சொன்ன?"

"இன்னா பொய்?"

"அந்தப் பொட்டி புதுசு. அட்டையப் பிரிச்சதே நான்தான். அதுக்கு நான் குங்குமம் வெச்சேன், எனக்குத் தெரியாதா? மழை மேல பழியப் போட்டிருந்தா மழையா வந்து கேக்கப் போவுது? உன் தலைல வாரிப் போட்டுகினியே. இனிமே எவன்டா உன்கிட்ட வாங்குவான்?"

"வுடு நைனா."

"வுட மாட்டேன். பானுகிட்ட நான் சொல்றேன். எம் புள்ள புதுசுதான் போட்டான், அது நின்னுடுச்சுன்னு." அவர் நிறுத்தினார். "ஏன் நின்னுச்சுன்னுதான் தெர்ல. தண்ணி குறைஞ்சிருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை வுட்டதில்ல நான். நீ வாங்கியாந்த அந்தச் செத்த தண்ணிய எடுத்து வெச்சுட்டு, நம்ம கிணத்துத் தண்ணிய மூணு தரம் வடிகட்டி ஊத்தினேன். அவளுக்குன்னு."

தனசேகரன் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தான். அவர் தொடர்ந்து பேசினார். துக்கத்தில் பேச்சு நிற்காமல் வருகிறவர்கள் உண்டு.

"உனக்கும் ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நீ பேஜாரா அலையற. ஒரு வூட்டுக்குத் தண்ணி ஊத்தப் போவக்கூட உனக்கு நேரமில்ல. லோகநாதன் வூட்டுக்கு ஊத்தினேன். தெய்வநாயகி வூடு, கன்னியம்மா வூடு, கோயில் ஆபீஸு. எல்லாம் நீ போட்ட பொட்டிங்கதான். அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக்கூட. அங்க பொட்டிங்க பெருசு, ரெண்டு கேன் புடிச்சுது. டாக்டரம்மா காபி குடுத்தாங்க."

தனசேகரனின் கை பாக்கெட்டில் இருந்த துணியைத் தேடியது. அது பகலில் போட்டிருந்த சட்டையோடு ஆற்றில் போயிருந்தது.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை விளக்கு அந்தப் பேட்டரியில்தான். அவன்தான் ஒயர் இழுத்தான்.

"எத்தினி வாரமா ஊத்தற அங்க?"

"ஆவணியிலருந்து."

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு லோகநாதன் வந்தான். குளித்த தலை ஈரமாக இருந்தது. உள்ளே வராமல் கதவுக்கு அப்பால் நின்றான்.

"மாமா, சொன்னீங்களே. கேன் எங்க கீது?"

மாணிக்கவேல் கைகாட்டினார். சுவரோரம் இரண்டு வெள்ளைக் கேன் நின்றிருந்தன. "மழை வுடாதுன்னு நேத்தே ரொப்பி வெச்சுட்டேன்" என்று மகனிடம் சொன்னார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. நமக்குத் தீட்டு, ஊரார் வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. அதான் லோகநாதனப் போவச் சொன்னேன். பொழுது விடிஞ்சதும் மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடு லோகு. மூடியத் தொறந்து, கழுத்துவரைக்கும் ஊத்து. முகூர்த்தப் பட்டு நனைக்கறதா நெனச்சு ஊத்து."

லோகநாதன் கதவுக்கு அப்பாலிருந்து கையை நீட்டினான். தனசேகரன் எழுந்துபோய் இரண்டு கேனையும் தூக்கினான். கனமாக இருந்தன. கதவுவரை கொண்டுபோனான்.

"குடு சேகரு."

அவன் கொடுக்கவில்லை.

"குடுடா" என்றார் மாணிக்கவேல் பின்னாலிருந்து. "ஏன் நின்னுகினு கீற?"

தனசேகரன் கேன்களைக் கீழே வைத்தான். ஒன்றின் மூடியைத் திறந்து, சாய்த்தான். தண்ணீர் தரையில் பரவி, சாணம் மெழுகிய மண்ணை நனைத்துக்கொண்டு மாணிக்கவேலின் கால்வரை போனது. கிழவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. ஓடுகிற தண்ணீரையும் மகனின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, அதில் விரலைத் தொட்டு, நாக்கில் வைத்தார்.